கிழக் குதிரைக்கு ஒரு துண்டு ரொட்டி

குதிரை வளர்ப்பவர்கள் ஒரு ரகம். குதிரை ஓட்டுபவர்கள் இன்னொரு ரகம். இந்த இரண்டிலும் சேராமல், வேலை முடிந்து ஓய்வுபெற்ற ஒரு கிழக் குதிரையின் பெயரைச் சொல்லித் தங்கள் நல்ல மனத்தை ஊரெல்லாம் மேயவிட்டுக்கொண்டிருப்பவர்கள் மூன்றாவது ரகம். இவர்களைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம். இவர்கள் குதிரை ஏறியது கிடையாது. சாணி அள்ளியது கிடையாது. குளம்பைத் தூக்கி உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்தது கிடையாது. ஆனால் குதிரையைப் பற்றிப் பேச்சு வந்துவிட்டால் நிறுத்த ஆள் கிடையாது. பேச்சு தானாக வராவிட்டால்? வரவழைப்பார்கள். உங்களுக்குப் பல்வலி என்று சொல்லிப் பாருங்கள், "எங்க பையனுக்கும் போன மாசந்தான் பல்லு ராவினாங்க" என்று ஆரம்பிப்பார்கள். பையன் என்பது குதிரை.

போஸ்னான் நகரத்தில் இந்த ரகத்துக்கு ஒரு முழு உருவ மாதிரி வேண்டுமென்றால் ரோமுவால்டைக் காட்டலாம். ஆயுள் முழுக்க நோட்டரியாக உட்கார்ந்து மற்றவர்களுடைய உயிலுக்கும் கிரயப் பத்திரத்துக்கும் முத்திரை குத்தியவர். ஓய்வுபெற்றுப் பல வருடமாகியும் "நோட்டரி ஐயா" என்று கூப்பிட்டால்தான் திரும்புவார். வெறும் பெயரைச் சொன்னால் காது கேட்காது. நல்ல கம்பளிக் கோட்டு, வாரிவிட்ட வெள்ளை மீசை, கூட்டத்தில் யார் அழுதாலும் முதலில் கைக்குட்டை நீட்டும் கை. கெட்டவர் என்று யாரும் சொல்ல முடியாது. சொல்ல முடிந்திருந்தால் எவ்வளவோ சௌகரியமாக இருந்திருக்கும்.

அவருடைய குதிரைக்குக் கஸ்டெலான் என்று பெயர். நகரத்துக் குதிரைப் போலீஸில் சேவகம் செய்த பழுப்பு நிறக் குதிரை. சேவகம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை; கால்பந்து நடக்கும் நாட்களில் மைதானத்துக்கு வெளியே நிற்பது, ஆட்டம் முடிந்ததும் திரும்பிப் போவது. குடையைக் கண்டால் மிரளும். மற்றபடி சாது. வயதாகி மூட்டுவாதம் வந்து ஓய்வு கொடுத்தபோது ரோமுவால்டு தத்தெடுத்தார். முதல் வருடம், ஒரு ரசிகன் எறிந்த பாட்டிலுக்குக் கஸ்டெலான் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை என்று சொன்னார். மறு வருடம் அது ஒரு கலவரக் கூட்டத்தைத் தனியாக நின்று தடுத்தது. அதற்கடுத்த வருடம் கூட்டத்தில் சிக்கிய ஒரு குழந்தையைச் சட்டைக் காலரைக் கவ்வித் தூக்கித் தாயிடம் சேர்த்தது.

"இன்னும் ரெண்டு வருஷம் பொறுங்க அத்தான், குத்தவாளிய விசாரிச்சு வாக்குமூலமும் வாங்கிடும்" என்று அவருடைய மைத்துனன் லுட்விக் சொன்னான்.

ரோமுவால்டு கோபித்துக்கொள்ளவில்லை. இந்த ரகத்துக்குக் கேலி உறைக்காது. தன்னை மெச்சுவதற்கு இது ஒரு கூச்சப்பட்ட வழி என்று எடுத்துக்கொள்வார்கள்.

கஸ்டெலான் இருந்தது நகரத்துக்கு வெளியே யாத்விகா அம்மாளின் பண்ணையில். கிழக் குதிரைகளைத் தங்கவைத்து, நொண்டியவற்றை நடக்கவைத்து, மெலிந்தவற்றைத் தேற்றும் இடம். வண்டி இழுத்தவை, பந்தயத்தில் ஓடியவை, சவாரிப் பள்ளியில் பத்துத் தலைமுறைப் பிள்ளைகளைச் சுமந்து முதுகு வளைந்தவை என்று எல்லாம் அங்கே உண்டு. யாத்விகா அம்மாளுக்கு அறுபது வயது, கனத்த உடம்பு, அதைவிடக் கனத்த குரல். குதிரைகளிடம் பொறுமையாக இருந்து இருந்து மனிதர்களிடம் காட்டுவதற்குப் பொறுமை மிச்சமில்லாத பெண்மணி.

ஞாயிற்றுக்கிழமை தேவாலயப் பூசை முடிந்ததும் நம் ஆள் அங்கே வந்து இறங்குவதைப் பார்க்க வேண்டும். சேறு என்ற ஒன்றை அறியாத பூட்ஸ். வந்ததும் வேலியில் முழங்கையை ஊன்றி, கண்ணைச் சுருக்கி, "மெலிஞ்சிருக்கான்" என்பார். போன வாரத்தைவிடப் பருத்திருந்தாலும் அதேதான். பிறகு காய்ந்த புல்லை ஒரு பிடி எடுத்து முகர்ந்து பார்த்து, ஒன்றும் சொல்லாமல் கீழே போடுவார். ஒன்றும் சொல்லாமல் போடுவதில்தான் விஷயமே இருக்கிறது. அப்புறம் போட்டோ. கழுத்துக் கயிறு தெரிந்தால் அடிமை மாதிரி இருக்கும் என்று அதை அவிழ்க்கச் சொல்வார். அவிழ்த்ததும் கஸ்டெலான் பின்பக்கத்தைக் காட்டிக்கொண்டு போய்விடும். பிடித்து வந்து கட்டுவது யாத்விகா அம்மாளின் பாடு. ஆனால் போவதற்குமுன் ஒரு நொடி, அது ரோமுவால்டை நிமிர்ந்து பார்க்கும். அந்த ஒரு நொடியை வைத்துக்கொண்டு அவர் ஒரு வாரம் ஓட்டுவார்.

"அவன் பாத்த பார்வை இருக்கே. எல்லாம் தெரியும் அவனுக்கு."

குதிரை பார்த்தது கோட்டுப் பையை. பையில் ரொட்டி இருந்தது.

இந்த ரொட்டி விவகாரத்தைக் கொஞ்சம் நின்று பார்த்துவிட்டுப் போக வேண்டும். ரொட்டியைக் குப்பையில் போடுவது இங்கே பாவம். கீழே விழுந்த துண்டை எடுத்து முத்தமிட்டுவிட்டு வாயில் போட்டுக்கொண்ட பரம்பரை. இப்போது தின்பதற்கு வேறு எத்தனையோ வந்துவிட்டன. ரொட்டி மிஞ்சுகிறது, காய்கிறது. காய்ந்ததைத் தின்ன வாய் வரவில்லை, எறியக் கை வரவில்லை. அதனால் அடுக்குமாடி வீடுகளில் குப்பைத்தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு கொக்கி இருக்கும். காய்ந்த ரொட்டியைப் பையில் போட்டு அதில் மாட்டிவிட்டால் போதும், யாராவது குதிரைக்கென்று எடுத்துப் போவார்கள், பாவம் கழிந்தது. ஒரு கட்டடத்தின் மொத்தப் பாவமும் கடைசியில் எங்கே போய் இறங்குகிறது? ஏதோ ஒரு கிழக் குதிரையின் வயிற்றில்.

கஸ்டெலானைத் தத்தெடுத்த நாளிலிருந்து அந்தக் கொக்கி ரோமுவால்டின் அதிகாரத்துக்குள் வந்துவிட்டது. வேறு யாரும் கை வைக்க முடியாது. பைகளைக் கொண்டுவந்து, பூசணம் பிடித்ததைப் பொறுக்கி எறிந்துவிட்டு, மீதியை வீட்டைச் சூடாக்கும் ரேடியேட்டரின் மேல் வரிசையாகப் பரப்பி மொறுமொறுவென்று காயவைப்பார். "என் சாக்ஸ காயவைக்க இந்த வீட்ல எடமில்ல" என்று அவர் மனைவி செலீனா சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டாள்.

ஒரு இலையுதிர் காலத்தில் கஸ்டெலானின் முன்னங்கால்கள் இரண்டும் கொதித்தன. கிழக் குதிரைகளுக்கு வரும் நோய்தான். குளம்புக்குள் இருக்கும் சதை வெந்து வீங்கும். வீங்குவதற்கு உள்ளே இடம் கிடையாது. கெட்டியான நகத்தோடு ஒட்டியிருக்கும் எலும்பு பிடிப்பு விட்டுக் கீழே இறங்க ஆரம்பிக்கும். அந்த எலும்பின் மேல்தான் குதிரை மொத்தமும் நிற்கிறது என்பதை யோசித்துப் பாருங்கள். சர்க்கரையும் மாவும் இந்த நோய்க்குத் தீனி. யாத்விகா அம்மாள் லாயத்தில் மணலை ஆழமாகக் கொட்டினார். புல்லைத் தண்ணீரில் ஊறவைத்து, சர்க்கரையைக் கழுவிவிட்டு, எடைபோட்டுக் கொடுத்தார். லாடம் மாற்றி, கட்டு மாற்றி, நடக்கவைத்து, நிறுத்தி, மறுபடி நடக்கவைத்து, குளிர்காலம் பாதி போன பிறகு ஒருநாள் கஸ்டெலான் யாரும் இழுக்காமல் தானாகவே முற்றத்தைக் கடந்து வந்து தண்ணீர்த் தொட்டியில் வாய் வைத்தது. யாத்விகா அம்மாள் திரும்பி நின்று மூக்கைச் சிந்திக்கொண்டார். அழுதேன் என்று சொல்லும் பழக்கம் அவரிடம் கிடையாது.

கால்நடை டாக்டர் ஒட்டீலியா மட்டும் சந்தோஷப்படவில்லை. "பொழைச்சிட்டான், சரி. இன்னொரு தடவ வந்தா என்னால ஒண்ணும் பண்ண முடியாது. ஊசி போட்டு முடிக்கத்தான் வருவேன்" என்று ரோமுவால்டின் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டுப் போனார்.

ரோமுவால்டு கலங்கித்தான் போனார். கலங்கிய கண்ணோடு, ஊறவைத்த புல் இருந்த வாளியைப் பார்த்தார்.

"யாத்விகா அம்மா, ஆஸ்பத்திரியில கூட இதவிட நல்லா போடுவாங்களே."

"ஊறவெச்சா சர்க்கரை போயிடும், நோட்டரி ஐயா."

"ருசியும் போயிடுமே."

"போகட்டும். காலு போகாம இருந்தா சரி."

"இல்ல, வாரத்துக்கு ஒரு தடவ, ஒரே ஒரு துண்டு ரொட்டி..."

"கூடாது."

"ஒரே ஒரு துண்டு."

"உங்க ஆபீஸ்ல எவனாவது வந்து, ஒரே ஒரு பொய்க் கையெழுத்து போட்டுக்கறேன்னு கேட்டா விட்டிருப்பீங்களா?"

ரோமுவால்டு வாய்விட்டுச் சிரித்தார். இதை வீட்டுக்குப் போய் செலீனாவிடம் சொன்னார், லுட்விக்கிடம் சொன்னார், சீட்டாட்டக் கூட்டத்தில் சொன்னார். எவ்வளவு அழகாகச் சொன்னாள் பார் என்று வியந்தார். சொன்னது தன்னிடம் என்பது மட்டும் எங்கேயோ வழியில் விழுந்துவிட்டது. லாயத்து வேலியில் "எதுவும் தின்னக் கொடுக்காதீர்கள்" என்று பெரிய எழுத்தில் ஒரு பலகை மாட்டியபோது அதை முதலில் பாராட்டியவரும் அவர்தான். "இந்த ஜனங்களுக்கு இப்படி எழுதி வெச்சாத்தான் புத்தி வரும்" என்றார். ஜனங்கள் என்றால் யார்? தன்னைக் கழித்துவிட்டு மிச்சமுள்ள மனிதகுலம்.

பிப்ரவரியில் ரோமுவால்டுக்குப் பெயர்நாள், அதாவது அவர் பெயர்கொண்ட புனிதரின் திருநாள், வரும். அந்த வருடம் அது ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. வீடு நிறைய விருந்தாளிகள். ஊறுகாய் மீன், காளான் வைத்த கொழுக்கட்டை, ஓட்கா, மூன்று அடுக்குக் கேக். சாப்பிட்டு முடித்து, வாழ்த்துப் பாட்டும் பாடி முடித்ததும், பேச்சு கஸ்டெலான் பிழைத்து வந்த கதைக்குத் திரும்பியது. திருப்பியது யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. எல்லோரும் காரில் ஏறிக்கொண்டு கிளம்பினார்கள். கார் டிக்கியில் ஒரு மூட்டை காய்ந்த ரொட்டி இருந்தது. எதற்கு இருந்தது? சும்மா இருந்தது. குளிர்காலம் முழுவதும் சேர்ந்ததை எங்கேயாவது வைக்க வேண்டுமில்லையா?

யாத்விகா அம்மாள் பின்பக்கத்து லாயத்தில் வேறொரு குதிரைக்குக் கட்டு மாற்றிக்கொண்டிருந்தார். கஸ்டெலான் வேலியோரம் பனியில் நின்றிருந்தது. ரோமுவால்டைக் கண்டதும் தலையைத் தூக்கிக் கனைத்தது. கனைத்தது மட்டுமா, கொஞ்சமும் நொண்டாமல் நேராக அவரிடம் நடந்தே வந்தது. இதை யாரும் மறுக்க முடியாது. அந்த விலங்குக்கு அவரைப் பிடித்திருந்தது. விருந்தாளிகள் அப்படியே உருகிப் போனார்கள். ஒரு பெண்மணி கண்ணைத் துடைத்துக்கொண்டார். கஸ்டெலான் வந்து ரோமுவால்டின் கோட்டுப் பையில் மூக்கை நுழைத்தது. பை காலி. அது மூக்கை எடுத்து அவரைப் பார்த்தது. எல்லோரும் அவரைப் பார்த்தார்கள்.

அந்த இடத்தில் நீங்களோ நானோ இருந்தால் என்ன செய்வோம் என்பது வேறு விஷயம். ரோமுவால்டு சொன்னார்:

"இன்னிக்கி என் பெயர்நாள். ஒரே ஒரு துண்டு."

"ரோமெக், பலகையில எழுதியிருக்கே" என்றாள் செலீனா, வீட்டில் கூப்பிடும் பெயரைச் சொல்லி.

"அது வெளியாளுக்கு."

லுட்விக் ஓடிப்போய் மூட்டையைத் தூக்கி வந்தான். ரோமுவால்டு கொடுத்தது ஒரே துண்டு. அதில் பொய் இல்லை. அவர் கொடுத்த பிறகு லுட்விக் கொடுக்காமல் இருந்தால் மரியாதையா? லுட்விக் கொடுத்த பிறகு அவன் மனைவிக்கு மட்டும் ஏன் குறை? எல்லோரும் ஆளுக்கு ஒரே ஒரு துண்டு. பிறகு போட்டோவில் யாரோ கண்ணை மூடிவிட்டார்கள் என்று இன்னொரு துண்டு. குதிரை வாயில் வாங்குகிற மாதிரி எடுக்கவில்லையே என்று மற்றொன்று. கண்ணைத் துடைத்த பெண்மணி வாழ்க்கையில் குதிரைக்கு ஊட்டியதே இல்லை என்பதால் அவருக்குச் சலுகையாகச் சில. அவ்வளவுதான். மூட்டை காலியானபோது எல்லோருடைய மனமும் நிறைந்திருந்தது. ஒரு துண்டுக்கு மேல் கொடுத்ததாக அந்தக் கூட்டத்தில் ஒருவருக்கும் நினைவில்லை.

மறுநாள் காலையில் யாத்விகா அம்மாள் போன் செய்தார். கஸ்டெலான் புல்லைத் தொடவில்லை, வயிறு சரியில்லை. ரோமுவால்டு காபியைப் பாதியில் வைத்துவிட்டுக் கிளம்பினார். இந்த ரகம் வரத் தவறாது. அவர் போய்ச் சேர்ந்தபோது டாக்டர் ஒட்டீலியா குளம்பின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"லேசா சூடு இருக்கற மாதிரி இருக்கு. இல்லாத மாதிரியும் இருக்கு. இவன் ஏதாவது தின்னானா? தானியம், ஆப்பிள், ரொட்டி?"

"என் கையால இல்ல" என்றார் யாத்விகா அம்மாள். இரண்டு பேரும் ரோமுவால்டைப் பார்த்தார்கள். "நேத்து நீங்க கும்பலா வந்துட்டுப் போனீங்களே, நோட்டரி ஐயா. நான் கை கழுவிட்டு வர்றதுக்குள்ள கெளம்பிட்டீங்க."

டாக்டர் எழுந்து நின்றார். "யாராவது கொடுத்திருந்தா நான் கோவப்பட மாட்டேன். தெரிஞ்சா போதும். இப்பவே காலெல்லாம் ஐஸ்ல வெச்சு, விடாம ரெண்டு மூணு நாள் வெச்சிருந்தா தப்பிச்சிடுவான். ஆனா சும்மா ஒரு சந்தேகத்துக்குச் செய்யற வேல இல்ல அது. மூட்டுவாதக் கெழவன், அந்தக் குளுருலயே படுத்தாலும் படுத்துடுவான். அதான் கேக்கறேன்."

லாயத்துக்கு வெளியே முழங்கால் உயரத்துக்குப் பனி. மருந்து வானத்திலிருந்து இலவசமாகக் கொட்டிக் கிடந்தது. தேவைப்பட்டது ஒரு வாக்கியம்.

வாக்கியம் ரோமுவால்டின் தொண்டை வரை வந்தது என்று வைத்துக்கொள்வோம். அவ்வளவு நியாயம் அவருக்குச் செய்யலாம். நேற்று ரொட்டி கொடுத்தோம். ஆனால் அதைச் சொன்னதும் யாத்விகா அம்மாளின் முகம் எப்படி மாறும் என்று அவருக்குத் தெரிந்தது. பலகையைப் பாராட்டியவர். ஜனங்களுக்குப் புத்தி சொன்னவர். குதிரைக்குத் தகப்பன். அவரா? தவிர, எவ்வளவு கொடுத்தார்? ஒரு துண்டு. ஒரு துண்டைப் போய் ஒரு பொருளாகச் சொல்வதா? தவிர, டாக்டரே சூடு இல்லாத மாதிரியும் இருக்கிறது என்கிறார். வீணாக ஐஸில் நிறுத்தி, குளிர் தாங்காமல் கிழவன் விழுந்துவிட்டால்? பார்க்கப்போனால் சொல்லாமல் இருப்பதுதான் குதிரைக்கு நல்லது. ஆயுள் முழுவதும் எதிரே உட்கார்ந்தவர்களை, "இதில் உள்ளதெல்லாம் உண்மைதானா?" என்று கண்ணுக்கு நேராகப் பார்த்துக் கேட்டவர், இப்போது மணல் தரையைப் பார்த்தார்.

"யாரு கொடுக்கப் போறா? அதான் பலகை இருக்கே."

டாக்டர் வயிற்றுக்கு மருந்து கொடுத்துவிட்டு அடுத்த பண்ணைக்குப் போனார்.

சாயங்காலம் லுட்விக் போன் செய்தான். "அத்தான், நேத்து நாம கொடுத்தத..."

"ஒரு துண்டுதானடா."

"ஆமா ஆமா. ஒரு துண்டுதான்." அவனுக்கும் நிம்மதியாக இருந்தது.

செலீனா போனை வைத்த கணவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். "டாக்டர்கிட்ட சொல்லிட்டியா?"

"எல்லாம் பேசியாச்சு" என்றார். இப்போது போன் செய்து சொல்லலாம் என்று அவருக்கே தோன்றியது. ஆனால் இப்போது சொன்னால் காலையில் ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்களே? காலையில் சொல்லியிருந்தால் ரொட்டி கொடுத்தது மட்டும்தான் குற்றம். இப்போது இரண்டு. விடிந்தால் மூன்று. ஒவ்வொரு மணி நேரமும் வாக்கியத்தின் விலை ஏறிக்கொண்டே போனது. இந்த ரகம் விலை ஏறிய சரக்கை வாங்காது. கஸ்டெலானுக்கு நல்லபடியாக விடிய வேண்டும் என்று மனமுருக ஜெபித்துவிட்டுப் படுத்தார்.

விடிந்தபோது கஸ்டெலான் எழுந்திருக்கவில்லை. எழுப்பியபோது பின்னங்கால்களில் சாய்ந்துகொண்டு முன்னங்கால்களைத் தரையில் வைக்க மறுத்தது. நிற்கவும் முடியாமல் படுக்கவும் முடியாமல் உடம்பெல்லாம் வியர்த்து ஒழுக, ரோமுவால்டைக் கண்டதும், ஆம், அப்போதும், கனைக்கப் பார்த்தது. எலும்பு இறங்கிவிட்டது. டாக்டர் ஒட்டீலியா அன்றைக்குச் சொன்னபடியே ஊசியோடு வந்து முடித்துவிட்டுப் போனார்.

வேலியோரத்தில் காக்கைகள் பனியைக் கிளறிக்கொண்டிருந்தன. யாத்விகா அம்மாள் போய்க் குனிந்து எதையோ எடுத்து வந்து ரோமுவால்டின் முன்னால் கையை விரித்தார். உறைந்துபோன கருத்த ரொட்டி ஓரங்கள்.

"எந்தப் பாவி..." என்றார் ரோமுவால்டு. குலுங்கிக் குலுங்கி அழுதார்.

அந்த அழுகை நடிப்பில்லை. இந்த ரகத்தின் கண்ணீர் எப்போதுமே கலப்படமில்லாதது. பொய்க் கண்ணீராக இருந்தால் துடைத்துவிட்டு உண்மையைச் சொல்லிவிடலாம். மெய்யாகவே அழுகிறவனிடம் யார் என்ன கேட்பது? யாத்விகா அம்மாளும் கேட்கவில்லை. ரொட்டி ஓரங்களைத் தன் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு, மற்றக் குதிரைகளுக்குத் தண்ணீர் காட்டப் போனார். அடுத்த மாதம் ரோமுவால்டு வேறொரு கிழக் குதிரையைத் தத்தெடுத்துக்கொண்டு அங்கே இடம் கேட்டு வந்தபோது, "எடம் இல்ல" என்றார். கஸ்டெலானின் லாயம் அவர்கள் இருவருக்கும் நடுவே காலியாகத் திறந்து கிடந்தது.

அதனால் என்ன, ஊரில் வேறு பண்ணையா இல்லை? வண்டி இழுத்து ஓய்ந்த ஒரு வெள்ளைக் குதிரை இப்போது அவரிடம் இருக்கிறது. அவரைக் கண்டதும் கனைக்கிறதாம். கஸ்டெலானின் சாவும் வளர்ந்துகொண்டு வருகிறது. முதலில் யாரோ ரொட்டி கொடுத்துவிட்டார்கள். பிறகு அது மோட்டார் சைக்கிளில் வந்த இரண்டு பேர். இப்போது கால்பந்துக் கலவரத்தில் கஸ்டெலானிடம் தோற்ற பழைய போக்கிரிகள், வருடக்கணக்கில் தேடி வந்து பழிவாங்கினார்கள். சொல்லும்போது ஒவ்வொரு தடவையும் அவர் கண் நிறைகிறது. கேட்பவர்களில் லுட்விக்கும் இருக்கிறான். அவன் இப்போதெல்லாம் கேலி செய்வதில்லை.

சே, என்ன மனிதன் என்று நீங்கள் முகத்தைச் சுளிப்பது தெரிகிறது. நன்றாகச் சுளியுங்கள். உங்களிடம்தான் குதிரை கிடையாதே. ஆனால் ஒரு பெரியப்பா இருந்திருப்பார், அல்லது ஒரு அத்தை. சர்க்கரை ஏறி, காலில் கட்டுப் போட்டு, ஆஸ்பத்திரியில் உப்புச்சப்பில்லாத கஞ்சியைக் குடித்துக்கொண்டு கிடந்திருப்பார். வெறுங்கையோடு போகக் கூடாது என்று நீங்கள் எதையோ வாங்கிக்கொண்டு போனீர்கள். "ஒண்ணே ஒண்ணு, ஒண்ணும் பண்ணாது" என்றீர்கள். அவர் முகம் மலர்ந்ததைப் பார்த்து உங்களுக்கே கண் கலங்கியது. மறுநாள் நர்ஸ் வந்து, "வெளியிலேர்ந்து யாராவது ஏதாவது கொடுத்தீங்களா?" என்று கேட்டபோது, கட்டிலைச் சுற்றி நின்றவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். நீங்கள் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். அன்றைக்கு என்ன தேதி என்று இன்னும் மறக்கவில்லை, இல்லையா?